யார் வாய் வச்சதோ!

“குளிருக்கு ஒரு மிடறு குடியுங்கோ அப்பா.”

மகள் தர்சினி தான் பாதி குடித்த கோப்பியை நீட்டியதும் தில்லையம்பலத்தின் முகம் கோணியது. பெண்சாதியின் கோப்பையில்கூட வாய் வைக்காத மனிதர் அவர்.

“எச்சில் கோப்பியோ? சீ, நீயே குடி!”

காரை நிறுத்திவிட்டு அப்போதுதான் அஜின்கோர்ட் பகுதியில் பழைய வாத்தியங்கள் விற்கும் கடைக்குள் வந்திருந்தார். பள்ளிக்கூட பாண்டில் தர்சினி ஊதும் டியூபா என்ற, ஆளையே மறைக்கும் பித்தளைக் குழலில் இரண்டு அங்கே விலைக்கு நின்றன.

“ரெண்டும் ஒரே மாடல் சார்,” என்றார் கடையில் வேலை செய்யும் சென்னைக்காரர் வரதன். “இது எழுபதுல வந்தது. பித்தளை கனம், சத்தம் அடிவயித்துலேர்ந்து வரும். அது தொண்ணூத்தஞ்சு. வால்வு லேசா அமுங்கும், அவ்வளவுதான்.”

“பழசுதான் நல்லம் அப்பா.”

தில்லையம்பலம் பழசின் அடியில் இருந்த விசையை அமுக்கிப் பார்த்தார். ஊதியபோது குழலுக்குள் தேங்கியிருந்த எச்சில் அவருடைய சப்பாத்தில் சொட்டியது. காலை உதறினார்.

“ஐயோ, ஆர் ஆர் வாய் வச்சதோ! உந்தப் பழசைத் தொடாதை. புதுசுதான் சுத்தம், இஞ்ச பார்!”

புதுசில் வாயை அழுத்தி வைத்து, கன்னம் புடைக்க ஊதியும் காட்டினார்.

“அப்பா, சப்பாத்தில விழுந்தது என்ர எச்சில். கழுவி வச்சிருந்ததை நீங்கள் வர முந்தி நான்தான் ஊதினனான்.”

“அப்ப இது?”

“அது டிஸ்ப்ளே பீஸ் சார்,” என்றார் வரதன். “கடைக்கு வர்றவங்க எல்லாரும் அதுலதான் ஊதிப் பார்ப்பாங்க.”

தில்லையம்பலம் மகளின் கோப்பியைப் பறித்து, விளிம்பில் வாய் வைத்தே கொப்பளித்தார்.