காது மருந்துச் சீட்டு

"சீட்டு எங்கடா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார் தியாகேசன்.

"மடியிலதாங்க ஐயா இருக்கு. மைனரோட காது மருந்துச் சீட்டுதானே, எங்க போயிடப் போவுது?" என்றான் ரெத்தினம், மாட்டைத் தட்டிவிட்டபடி. தியாகேசனைவிடப் பத்து வயது மூத்தவன்தான். ஆனாலும் 'டா' போட்டே பழகிய வாய் அவருக்கு.

வண்டி கீழ்வேளூரைத் தாண்டித் தாலுகா கச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தது. குத்தகைக்கு உழுகிறவன் பெயரைச் சர்க்கார் ஏட்டில் பதிய வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. ரெத்தினத்துக்காக விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் மனுப் போட்டுவிட்டார்கள், இன்று விசாரணை. வழக்கில் எதிராளியே வண்டியோட்டி! இந்தக் கூத்து வேறெங்கே நடக்கும்?

பெயர் ஏறாவிட்டால், சம்பா அறுப்பு முடிந்ததும் ரெத்தினம் அந்தப் பத்து மா நிலத்தைவிட்டு இறங்க வேண்டியதுதான். அதற்காகவே, கிளம்பும்போது தியாகேசனின் மனைவி அகிலாண்டம் அவருக்குப் பாடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"கூலி ஆளு, குத்தகையெல்லாம் கிடையாதுன்னு நாக்கு குழறாம சொல்லிட்டு வாங்க. மூணு பொண்ணு வச்சிருக்கோம், ஞாபகமிருக்கட்டும்."

சொல்லிவிடலாம். தகப்பனார் காலத்திலிருந்தே ரெத்தினத்துக்கு ஒரு ரசீது கொடுத்ததில்லை. ஊர் உலகத்தில் அவன் பெயர் எழுதிய துண்டுக் காகிதம் கிடையாது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுதான் இப்போது அவன் மடியில் இருந்தது.

எல்லாம், வண்டியில் அவர் காலடியில் சுருண்டு கிடந்த இந்த மைனரால் வந்த வினை. கோடைக்கானலில் ஒரு துரைசாணியிடம் பாசெட் ஹவுண்ட் நாய்க்குட்டியைப் பார்த்துத் தியாகேசன் ஆசைப்பட்டுவிட்டார். தரையைக் கூட்டுகிற காது, நீட்டு முதுகு, சாண் உயரக் கால். அந்த அம்மாள் லேசில் கொடுப்பாளா? பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவள்கூட அத்தனை கேள்வி கேட்க மாட்டாள்.

படி ஏற விடக் கூடாது, முதுகு போய்விடும். காதைத் துடைக்காமல் விட்டால் சீழ் பிடிக்கும். தனியாக விட்டால் ஊரைக் கூட்டி ஊளையிடும். மோப்பம் பிடித்துக் கிளம்பிவிட்டால் சாமியே கூப்பிட்டாலும் திரும்பாது. இதையெல்லாம் தினம் யார் பார்ப்பது? பாதியில் விட்டுவிட்டுப் போகாத ஆளா? எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் குட்டி என்றுவிட்டாள்.

குட்டி ஆசையில் தியாகேசன் இங்கிலீஷில் எழுதினார்: 'என் பத்து மா நிலத்தை இருபத்தெட்டு வருடமாகக் குத்தகைக்கு உழுகிற ரெத்தினம் பார்த்துக்கொள்வார். அவர் எங்கும் போக மாட்டார்.' கீழே கையெழுத்து, தேதி.

நாயைப் பார்த்துக்கொள்கிறவரிடம் ஒரு நகல் இருக்க வேண்டுமாம். அதன் பின்பக்கத்தில் காது மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தாள். ரெத்தினத்துக்கு எழுத்து வாசனை கிடையாது. மருந்துக் கடைக்காரருக்குப் பின்பக்கம் போதும்.

இப்படிக் கொடு என்று வாங்கிக் கிழித்து வாய்க்காலில் விட்டால் தீர்ந்தது. மூன்று தடவை 'எங்கடா' என்று கேட்டாயிற்று, 'கொடுடா' என்று மட்டும் கேட்க வாய் வரவில்லை. சே, நானும் ஒரு மனுஷனா என்று தன்னையே வைதுகொண்டார் தியாகேசன்.

கச்சேரி வாசலில் ஆறு படி. ரெத்தினம் மைனரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"கனமா இருக்கான், பாத்துடா."

"இருக்கட்டுங்க. அவனுக்குத்தான் முதுகு ஆவாதே."

உழுது உழுதே வளைந்துபோன முதுகு ரெத்தினத்தினுடையது. அதைப் பற்றி யாரும் எந்தக் காகிதத்திலும் எழுதிக் கேட்டதில்லை. தியாகேசனுக்கு மனசு குறுகுறுத்தது.

கடைசிப் படியில் ரெத்தினம் நின்றான். "மனசுல வச்சுக்காதீங்க ஐயா. சங்கத்துல எழுதிட்டாங்க, நான் என்ன பண்ணுவேன்? தீர்ப்பு எப்படி ஆனாலும் மைனரை நான் பாத்துக்கிறேன்."

தியாகேசன் உள்ளே போனார்.

அதிகாரி மனுவைப் புரட்டினார். "சொல்லுங்க. இவர் உங்க குத்தகைதாரரா?"

"இல்லீங்க. கூலி ஆளு."

நாக்கு குழறவில்லை. ஆனால் தலை தானாகத் தாழ்ந்துவிட்டது. கீழே ரெத்தினத்தின் பாதத்தின் மேல் காதை விரித்துப் போட்டு மைனர் தூங்கிக்கொண்டிருந்தது.

அதிகாரி ரெத்தினத்தின் பக்கம் திரும்பினார். "ஏங்க, எழுத்து மூலமா ஏதாச்சும் இருக்கா? ரசீது, கடுதாசி, துண்டுச் சீட்டு, எதுவா இருந்தாலும் சரி."

ரெத்தினத்தின் கை இடுப்புக்குப் போயிற்று. தியாகேசன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

ரெத்தினம் அவிழ்ந்த வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டான். "எங்கிட்ட ஏதுங்க கடுதாசி? ஐயா என்ன சொல்றாங்களோ அதாங்க."

"அப்ப மனு தள்ளுபடி" என்று அதிகாரி பேனாவைத் திறந்தார்.

ஜெயித்தாயிற்று. கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. தியாகேசன் எழுந்தார். இந்தத் தடவை அவருக்கு நாக்கு குழறியது.

"ரெத்தினம், அந்தக் காது மருந்துச் சீட்டை எடுத்து அதிகாரிகிட்ட குடுங்க."