காதுகுத்துக்கு ஒரு கேமரா

"இம்புட்டு நல்ல கேமராவை எதுக்குண்ணே இம்புட்டுக் கம்மிக்குத் தர்றீங்க?"

மருது கேட்ட தொனியே சரியில்லை. வெண்டைக்காய் வாங்கினாலும் ஒவ்வொன்றாய் நுனி ஒடித்துப் பார்க்கிற ஆள் அவன். முதன்முதலாகக் கேமரா வாங்கப் பேரையூரிலிருந்து மதுரைக்கு பஸ் ஏறி வந்திருக்கிறான், சும்மா விடுவானா?

"நான் புதுசு வாங்கிட்டேன் தம்பி. இது சும்மாதான கெடக்கு" என்றார் ஸ்டுடியோக்காரர் சோணைமுத்து.

மருது கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். லென்ஸில் ஒரு கீறல் இல்லை. பிலிம் சுற்றுகிற பிடி தடங்கலில்லாமல் சுழன்றது. ஒரு குறையும் இல்லாததுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"திருட்டுச் சாமானா?"

"வாங்கின பில்லு இருக்கு, பாக்குறியா?"

"கீழ விழுந்துச்சா? தண்ணியில கிண்ணியில..."

"ஒரு ரோல் எடுத்துப் பாத்துட்டே வாங்கு."

"அப்ப இந்தத் தெருவுல ஒருத்தரும் ஏன் வாங்கலை?"

சோணைமுத்து எழுந்து அவன் பக்கத்தில் வந்தார்.

"மறைச்சு விக்க மனசு வரலை தம்பி. இது எழவு வீட்டுக்குப் போன கேமரா. செத்தவங்களை உக்காரவச்சு எடுப்பாங்கள்ல, அதுக்குன்னே வச்சிருந்தேன். கல்யாணத்துக்கு வேற கேமரா."

மருது கேமராவை மேசையில் வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"நல்லா இருக்குண்ணே நியாயம்! அழகர்கோவில்ல எங்கக்கா மகளுக்குக் காதுகுத்து. நான் எடுக்கப்போற மொதப் படமே அதுதான். பச்சப்புள்ளயை இதுலயா எடுக்குறது?"

"உன் இஷ்டம் தம்பி."

வீட்டுக்கு வந்தும் அவனுக்கு ஆறவில்லை.

"பொணத்தை எடுத்த கேமராவை என் தலையில கட்டப் பாத்தான் ஆத்தா! நான் மட்டும் துருவிக் கேக்கலைன்னா வாங்கிட்டு வந்திருப்பேன்."

"யாருடா?" என்றாள் அவன் தாய் ஒச்சாயி.

"சோணைமுத்துன்னு ஒரு ஸ்டுடியோக்காரன்."

மருது சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைக் காட்டினான். அவன் தவழ்கிற வயசில் போய்ச் சேர்ந்தவர். அவர் முகம் அவனுக்குத் தெரிந்ததே அந்த ஒரு படத்தால்தான். எங்கே கிளம்பினாலும் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவான்.

"இந்தா பாரு, அப்பா எப்பிடி நம்மளையே பாக்குறாரு! இப்பிடி உசுரோட இருக்கிறவங்களை எடுத்த கேமராவா வாங்கணும்."

ஒச்சாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எழவு வீட்டுக்கு வரமாட்டோம்னு அன்னைக்கு எல்லா ஸ்டுடியோக்காரங்களும் கையை விரிச்சுட்டாங்க. அந்தச் சோணைமுத்து மட்டுந்தான் வந்தாரு. உங்கப்பா கண்ணு மூடித்தான்டா இருந்துச்சு. நீ வளந்து பாக்கையில அப்பன் முழிச்சிருக்கட்டும்னு, படத்துல அந்தக் கண்ணு ரெண்டையும் பிரஷ்ல வரைஞ்சு குடுத்ததே அவருதான்."