எதிர் எடை

ரத்தத்தைச் சுழற்றும் இயந்திரத்தில் ஒரு குழாய் வைத்தால், நேர் எதிரே அதே எடையில் இன்னொன்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேசையோடு சேர்ந்து ஆடும். ஜெசிந்தாவுக்கு இதைச் சொன்னவள் அந்த ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தங்கை மெர்லின். ஏழு வருடமாகக் குடல்புண்ணில் ரத்தமாகப் போய்க்கொண்டிருந்த அக்காவை இந்தப் பரிசோதனைச் சிகிச்சையில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர்தான் ஏற்றுவார்கள் என்று படிவத்தில் இருந்தது. "உனக்கு மருந்துதான்க்கா. உன் ரத்தத்துலயே எடுக்கிற மஞ்சத் தண்ணி. நான் பாத்துக்கிறேன்," என்றாள் மெர்லின்.

ஐந்து மாதம், மாதம் ஒருமுறை, உள்ளே இருப்பது தெரியாதபடி வெள்ளித்தாள் சுற்றிய சிரிஞ்சிலிருந்து குடலுக்குள் அது போனது. ரத்தம் நின்றது. ஜெசிந்தா மீன்குழம்பு சாப்பிட்டாள்.

ஆறாவது முறை ஆய்வகக் கதவு திறந்து கிடந்தது. இயந்திரம் நின்றதும் மெர்லின் இரண்டு குழாய்களையும் எடுத்தாள். வேறொருவர் பெயர் எழுதியதிலிருந்து மஞ்சள் நீரை உறிஞ்சிக்கொண்டாள். ஜெசிந்தா என்று எழுதியதை அப்படியே சிவப்பு வாளியில் போட்டாள். பிறகு இன்னொரு சிரிஞ்சில் உப்புநீரை நிரப்பி வெள்ளித்தாளைச் சுற்றினாள்.

திரும்பியபோது அக்கா வாசலில் நின்றாள்.

"எதிர்ப்பக்கம் எடை வேணும்ல," என்றாள் மெர்லின். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆனா உனக்கு நின்னுச்சுல்லக்கா?"

நின்றுதான் இருந்தது. பதில் சொல்ல ஜெசிந்தா வாயைத் திறந்தாள். அடிவயிற்றில், ஐந்து மாதத்துக்குப் பிறகு, அந்தப் பழைய முறுக்கல் மெல்லத் தொடங்கியது.