சென்னம்மாவின் பேட்ஜ்

ஓசூரில் அந்த ஸ்கேன் மையத்தைச் சோதிக்க வந்த அதிகாரி, ஊழியர்களின் கதிர்வீச்சு அளவுப் பட்டியலில் ஒரு பெயரின்மேல் விரலை வைத்தார்.

"இந்தச் சென்னம்மாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?"

"அவங்க தை மாசமே தவறிட்டாங்க சார்," என்றாள் பாதுகாப்புப் பொறுப்பாளரான ரேவதி.

பாகலூர்க்காரி சென்னம்மா, நோயாளிகளைக் கைத்தாங்கலாக மெஷினில் ஏற்றிவிடுவாள். "தள்ளி நில்லு பாப்பா, நான் பாத்துக்கறேன்" என்று சின்னப் பெண்களை ஒதுக்கிவிட்டுத் தானே போவாள். பெயரை நீக்க ரேவதிக்கு மனம் வரவில்லை. அதனால் சித்திரையிலும் சென்னம்மாவின் பெயருக்கு, கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் வந்தது. மூன்று மாதமும் ரேவதியின் மேஜை டிராயரில் பூட்டிக் கிடந்துவிட்டு, அப்படியே அளவு பார்க்கும் ஆய்வகத்துக்குத் திரும்பிப் போனது. அந்த பேட்ஜ் காட்டிய அளவுதான் இப்போது பட்டியலில் இருந்தது.

அடுத்த வரியில், நோயாளிகளுக்குத் தினமும் கதிரியக்க மருந்து ஊசி போடுகிற கவிப்ரியாவுக்குச் சைபர்.

"நீங்க பேட்ஜே குத்தறதில்லையாம்மா?" என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டார்.

"ஒரு நாளும் குத்தாம இருந்ததில்ல சார்." கவிப்ரியா ரேவதியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, எனக்கு நாலு மாசம். இன்னும் யார்கிட்டயும் சொல்லல."

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"இன்னையிலிருந்து இவங்க ஊசி போட வேண்டாம். சென்னம்மா பேரையும் அடிச்சிடுங்க."

"பேரு இருக்கட்டும் சார், இவ பிரசவம் முடியற வரைக்கும்," என்றாள் ரேவதி.

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.