நடு நாற்காலி

எடப்பாடி செங்கோடக் கவுண்டர் மனிதர் யாரையும் கும்பிட்டுப் பழகாதவர். அத்தியப்பனைக் கொன்றதாகத் தம்பி தங்கமுத்துவுக்குச் சேலம் கோர்ட்டில் தூக்குத் தண்டனை ஆன பிறகும், குடும்ப மானத்தைக் காக்க நிமிர்ந்த தலையோடுதான் மதராஸ் ஹைக்கோர்ட்டுக்கு அப்பீலுக்குப் போனார்.

"எந்தம்பி யோக்கியன்னு நான் சாட்சி சொல்றேனுங்க."

"அப்பீல்ல சாட்சி கிடையாது, கவுண்டரே. ரெண்டு ஜட்ஜுங்க கீழ்க்கோர்ட்டு காகிதத்தைப் படிப்பாங்க, அவ்வளவுதான்" என்றார் வக்கீல் குமாஸ்தா.

மேடையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவன் கறுப்பு அங்கி போடவில்லை. தோளில் துண்டு கிடந்தது. செத்துப்போன அத்தியப்பன். ஒரு ஜட்ஜ் தாள்களைப் புரட்டிக்கொண்டு வந்தபோது, அவன் குனிந்து ஒரு தாளின்மேல் விரலை வைத்தான். ஜட்ஜ் அங்கே நிறுத்தி என்னவோ கேட்டார்.

"அமாவாசை இருட்டுல சாட்சிக்கு முகம் எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கறார்" என்றார் குமாஸ்தா.

சர்க்கார் வக்கீல் கட்டு முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். தங்கமுத்துவுக்கு விடுதலை என்று தீர்ப்பானது.

கவுண்டர் எழுந்து நடு நாற்காலியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஜட்ஜுங்க ரெண்டு ஓரத்துலயும் இருக்க, நடுவுல யாரைக் கும்பிடறீர்?" என்று குமாஸ்தா சிரித்தார்.

ஊர் திரும்பியவர் நேரே அத்தியப்பன் வாசலுக்கு வண்டியை விடச் சொன்னார். அதுவரை அவர் மிதிக்காத வாசல்.

"உம்புருசனாலதான் எங்க குடும்பம் பொழச்சுது, அத்தாயி" என்றார்.

அத்தியப்பன் மனைவி ஆச்சரியப்படவில்லை. அவரைத் தாண்டி வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, திரும்பறப்ப உங்ககூட வந்தர்றேன்னு சொல்லீட்டுத்தானுங்களே போனாரு?"