கறுப்புக் கண்ணாடிக்காரன்

கோவிலுக்குள் வந்த பிறகும் அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதைப் பார்த்ததுமே கிங்ஸ்டன் சுவரோரமாக ஒதுங்கி நின்றான்.

காலையில் மீன் ஏலக்கூடத்தில் தன்னைப் பற்றி விசாரித்தவன் இவன்தான். இப்போது தூணுக்குத் தூண் நகர்ந்து கிட்டே வந்துகொண்டிருந்தான். வேட்டி மடிப்பில் எதையோ செருகி, அதன்மேல் ஒரு கையை வைத்தபடியே இருந்தான்.

இன்று தம்பி ஸ்டெபினுக்கு முதல் வருஷ நினைவுப் பூசை. திங்கட்கிழமை கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். வெட்டியவர்களை நேரில் பார்த்தது கிங்ஸ்டன் ஒருவன்தான். வாயைத் திறந்தால் உனக்கும் தம்பி கதிதான் என்று போனில் ஏற்கெனவே மிரட்டியிருந்தார்கள்.

நடுக்கடலில் எஞ்சின் நின்று அலைந்த நாட்களில், இந்த மாதா கோவில் கோபுரம் கண்ணில் பட்டால்தான் அவனுக்கு உயிர் திரும்பி வரும். ஸ்டெபின் வருஷம் தவறாமல் தேர்வடம் பிடித்ததும் இங்கேதான். மாதா காலடியில் எவனும் கத்தி எடுக்க மாட்டான் என்று நம்பித்தான், தம்பி பெண்டாட்டி ஜெனிலாவை மட்டும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அவள் முன்வரிசையில் முக்காடு போட்டு முழந்தாளிட்டிருந்தாள்.

போன வருஷம் துறைமுக வாசலில் வந்தவனும் முதலில் பதமாகத்தான் பேசினான். "நீதான ஸ்டெபின்?" என்று கேட்டான். தம்பி தலையாட்டியதும் தோளிலும் வயிற்றிலும் சரமாரியாக வெட்டு விழுந்தது. முகம் ஒன்றுதான் தப்பியது.

ஆஸ்பத்திரியில் உயிர் போனதும் கிங்ஸ்டன் டாக்டரின் சட்டையைப் பிடித்துவிட்டான். "இனி என் தம்பி மேல ஒரு கீறல் விழக்கூடாது" என்று வெறி பிடித்தவனாகக் கத்தினான். பிரேதப் பரிசோதனை என்றதற்கே அவனை நாலு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. டாக்டர் ஜெனிலாவைத் தனியே அழைத்து என்னவோ கேட்டார். அவளும் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

பூசை முடிந்தது. ஜனங்கள் எழுந்து கலைகிற நேரம் பார்த்து, கறுப்புக் கண்ணாடிக்காரன் நேர் எதிரே வந்து நின்றான்.

"நீங்கதான கிங்ஸ்டன் அண்ணாச்சி? ஸ்டெபினோட அண்ணன்?"

கேட்டுக்கொண்டே கையை இடுப்புக்குள் விட்டான்.

அதற்குமேல் கிங்ஸ்டன் யோசிக்கவில்லை. ஒரு வருஷத்து ஆத்திரமும் பயமும் சேர்ந்து அந்தக் கண்ணாடி மேல் ஒரே குத்தாக இறங்கின. கண்ணாடி நொறுங்கி, வந்தவன் மல்லாந்து விழுந்தான். கிங்ஸ்டன் அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, அதே இடத்தில் மறுபடியும் மறுபடியும் குத்தினான்.

"எவன்ல ஒன்னைய அனுப்புனான்? சொல்லுல."

அவன் திருப்பி அடிக்கவே இல்லை. முகத்தின் மற்ற பாகத்தை அடிக்குத் தந்துவிட்டு, இரண்டு கையாலும் வலது கண்ணை மட்டும் பொத்திக்கொண்டான். விரல் இடுக்குகளில் ரத்தம் வழிந்து தரையில் சொட்டியது. கிங்ஸ்டன் அந்தக் கைகளையும் பிய்த்து விலக்கி இன்னொரு குத்து விட்டான்.

யார் யாரோ ஓடிவந்து அவனை இழுத்தார்கள். அந்த இழுபறியில், விழுந்து கிடந்தவனின் மடியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்று நழுவியது. கத்தியை எல்லாருக்கும் காட்டிவிடுகிற வேகத்தில் கிங்ஸ்டன் அதைப் பிரித்தான்.

உள்ளே வெள்ளியில் செய்த கண்மலர் ஜோடி இருந்தது. போன பார்வை திரும்பக் கிடைத்தவர்கள், நேர்ந்துகொண்டபடி காணிக்கையாகச் செலுத்துவது. கிங்ஸ்டன் ஒன்றும் புரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜெனிலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். கீழே கிடந்தவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பூசைக்கு இவனை வரச் சொன்னதே தான்தான் என்று திக்கித் திக்கிச் சொன்னாள். பிறகு கிங்ஸ்டனின் ரத்தக் கையை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்க தம்பி கண்ணு அத்தான், அது."