கட்டிய கை

"உனக்கென்ன நெஞ்சா, கல்லா?" வெடித்தாள் அக்கா.

பின்னே? கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல், பேச்சும் போய், சக்கர நாற்காலியில் இருக்கிறான் தம்பி. எதிரே ஸ்டாண்டில் செல்போன். திரையில் ஒரு மஞ்சள் கட்டம் எழுத்து எழுத்தாக நகர்கிறது. வேண்டிய எழுத்துக்கு அது வரும்போது, கன்னத்தோரம் பொருத்திய பட்டனைக் கன்னத்தாலேயே அழுத்த வேண்டும். தவறவிட்டால் கட்டம் மறுபடி சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அவன் பெண்டாட்டியோ கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள்!

"தண்ணி வேணுமான்னு நீயே கேட்டா, கண்ணைச் சிமிட்டிட்டுப் போறான். அதுக்கு இவ்ளோ பாடா?"

"அவரே சொல்லட்டும் அண்ணி."

"போதும்மா உன் சேவை. இன்னைக்கே இவனை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்டுக்காரர் கீழே வண்டியோட நிக்கிறாரு."

தம்பி திடுக்கிட்டுத் தலையை நிமிர்த்தினான். கன்னம் பட்டனைத் தேடியது. ஒரு எழுத்து. இன்னொரு எழுத்து. நெற்றியில் வியர்வை.

அக்காவின் பொறுமைதான் ஊரறிந்த விஷயமாயிற்றே! "நான் அடிச்சுத் தர்றேன்டா கண்ணு" என்று திரையில் கை வைத்தாள்.

சேர்த்ததெல்லாம் அழிந்து போனது.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். பெண்டாட்டிக்குக் கண் கலங்கியது. ஆனால் கட்டிய கை அவிழவில்லை. அவள் தன் கையையே நகம் பதிய அழுத்திப் பிடித்திருப்பதை அக்கா அப்போதுதான் பார்த்தாள்.

தம்பி கண் திறந்தான். மறுபடி முதல் எழுத்திலிருந்து.

கீழே ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தது. கடைசியில் அவன் சேர்த்த எழுத்துகளைச் செல்போன் குரலாகப் பேசியது.

"அக்கா, கையைக் கட்டிக்கச் சொன்னது நான். அவ அழுதுட்டேதான் ஒத்துக்கிட்டா. நான் எங்கேயும் வரல."

தம்பி முகத்தில் லாரி ஓட்டிய காலத்து அதே மிடுக்கு. அக்காவுக்கு நெஞ்சு விம்மியது. யார் தம்பி!

மஞ்சள் கட்டம் மறுபடி நகர ஆரம்பித்தபோது, மூச்சு வாங்க மாடியேறி வந்தார் அக்காவின் கணவர்.

"இன்னும் கிளம்பலையா? பாவம், அவன் என்னமோ சொல்ல வர்றான். அந்தப் போனைக் கொஞ்சம் அடிச்சுக் குடுத்தா என்ன?" என்று கையை நீட்டினார்.

பட்டென்று தட்டிவிட்டாள் அக்கா. தன் கையையும் இறுக்கக் கட்டிக்கொண்டாள்.

"சும்மா நில்லுங்க! என் தம்பி பேசிட்டிருக்கான்."